'டொப்'பென்று வந்த விருந்தாளி

ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. அடுக்களையையும் கழுவிவிட்டாயிற்று. பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்குப் போகிறீர்கள். காற்று லேசாக வீசுகிறது. "அப்பாடா!" என்று காலை நீட்டுகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்து, 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். விளக்கில் ஒரு மோதல், சுவரில் இன்னொரு மோதல், அப்புறம் 'டொப்!' நேரே உங்கள் மடியில்!

என்ன செய்வீர்கள்? முதலில் ஒரு கூச்சல். பிறகு செருப்பு. வெட்கப்பட வேண்டாம், போன கோடையில் நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு அப்பால் இருக்கிறது. கொல்லையில் இரண்டு தென்னை மரங்கள். என் மாமனார் தம் கையால் நட்டவை. அவர் இப்போது இல்லை. அதனால் அந்த மரங்களிடம் என் மாமியாருக்கு ஒரு தனி வாஞ்சை. அன்று ராத்திரி என் மடியில் விழுந்த வண்டை நான் உதறிய உதறலில், அது தரையில் மல்லாந்து விழுந்து ஆறு கால்களையும் ஆட்டிக்கொண்டிருந்தது. நான் செருப்பை ஓங்கினேன்.

"இரு, இரு. வந்தது யாருன்னு பார்த்துட்டு அடி!" என்றார் அத்தை.

டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். கட்டைவிரல் பருமன். கறுத்து மினுமினுத்த உடம்பு. தலையில் ஒரு சின்னக் கொம்பு! காண்டாமிருக வண்டு என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

ஏன் இந்தத் தடுமாற்றம்?

வண்டுக்கு நான்கு சிறகுகள். ஆனால் முன்சிறகுகள் இரண்டும் கெட்டியான மூடிகள். பறப்பதற்கு உதவுபவை, அவற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் மெல்லிய பின்சிறகுகள். மூடியைத் திறந்து, மடிப்பைப் பிரித்து, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். தட்டானைப் போல் சட்டென்று திரும்ப முடியுமா? மூட்டை முடிச்சுடன் ரயில் ஏறுகிறவர் நாலு பேரை இடிக்காமல் போக முடியாதல்லவா? அந்தக் கதைதான்.

போதாக்குறைக்கு நாம் வேறு விளக்கைப் போட்டு விடுகிறோம். பூச்சிகள் ஆசைப்பட்டு விளக்கிடம் வருகின்றன என்றே வெகு காலம் எண்ணியிருந்தோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் பிறரும் சேர்ந்து, அதிவேகக் காமிராக்களால் பூச்சிகளைப் படம் பிடித்து, 2024-ல் வேறொரு விளக்கத்தை வெளியிட்டார்கள். இரவில் தரையைவிட வானம் வெளிச்சமானது. ஆகவே வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டினால் நேராகப் பறக்கலாம் என்பது பல பூச்சிகளின் பிறவிக் கணக்கு. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் கணக்குத் தப்பிவிடுகிறது. முதுகை அதற்குக் காட்டிக் காட்டி, அதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. விளக்கு கீழே இருந்தாலோ, தலைகீழாகப் புரண்டு விழுகின்றன. நம்மைத் தாக்க வந்ததாக நாம் அலறுகிறோம். வழி தவறியதென்னவோ அவை!

வளர்த்தது யார்?

பரிதாபப்பட்டு வண்டை விட்டுவிடலாம் என்றேன். அத்தை தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் தென்னையைக் காட்டினார். புதிதாய் விரிந்த ஓலை, கத்தரிக்கோலால் வெட்டின காகித விசிறி மாதிரி இருந்தது. குருத்து சுருண்டிருக்கும்போதே இந்த வண்டு துளைத்துத் தின்றுவிடும். ஓலை விரியும்போதுதான் வெட்டுத் தெரியும். இளங்கன்றானால் பட்டுப்போனாலும் போய்விடும். 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுக்களோடு சமோவாத் தீவுக்குப் போய், அங்கே தென்னைகளைச் சூறையாடியது இதே வண்டுதான்!

"இது எங்கிருந்து வந்தது, அத்தை?"

அவர் பதில் சொல்லாமல் எங்கள் எருக்குழியைக் கிளறினார். காய்கறித் தோலும் சாணமும் போட்டு, மாசக்கணக்கில் நான் கிளறாமல் விட்டிருந்த குழி. உள்ளே கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள், உடம்பை வளைத்துக்கொண்டு! ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடினேன். தொட்டில் கட்டி வளர்த்தவள் நானே.

அன்றே குழியைக் காலி செய்தோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரம் ஏறுபவரைக் கொண்டு குருத்தை ஒட்டிய மட்டைகளின் இடுக்கில் போடச் சொன்னோம்.

எல்லாரும் விரோதியல்ல

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிடாதீர்கள். பகலில் தாழ்வாரத்தில் 'ங்ங்ங்' என்று முகத்துக்கு நேரே வந்து நிற்கிற கருவண்டு உண்டே, அது உண்மையில் தேனீயின் உறவு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். அப்படி மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது! பெண்ணுக்கு உண்டு, பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. முருங்கைப் பூ காயாவதில் அதன் பங்கு பெரிது. சாம்பாரில் முருங்கைக்காய் வேண்டுமானால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொருவரிடம் மட்டும் உஷார். எறும்பைப் போல் ஒல்லியாய், ஆரஞ்சும் கறுப்புமாய், விளக்கைத் தேடி வருபவர். கடிக்க மாட்டார். ஆனால் தோலின் மேல் வைத்து நசுக்கினால், அந்த நீர் பட்ட இடம் ஓரிரு நாளில் எரிந்து கொப்புளித்துவிடும். ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தையின் காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டால் ஹேர்ப்பின்னால் குடையவே கூடாது. டாக்டரிடம் போவதே உத்தமம்.

இந்த வருஷம் எங்கள் தென்னையில் விரிந்த முதல் ஓலையில் வெட்டு இல்லை. அத்தை அதன் கீழே நின்று வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மாடிக்குப் போனால் நாங்கள் விளக்கைப் போடுவதில்லை. மோதலும் இல்லை, கூச்சலும் இல்லை. இன்று ராத்திரி நீங்களும் விளக்கை அணைத்துப் பாருங்களேன். நட்சத்திரங்கள் லாபம்!