உருளாத உருண்டை

ஆரணியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், வந்தவாசி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக முற்பகலுக்குள் மாமல்லபுரம் சேர்ந்துவிடலாம். பள்ளிச் சுற்றுலாவில் நீங்களும் போயிருப்பீர்கள். குன்றின் சரிவில் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக் கல்லைக் கையால் தாங்குவதுபோல் படமும் எடுத்திருப்பீர்கள். அது ஏன் உங்கள்மேல் உருளவில்லை என்று யோசித்ததுண்டா?

முதலில் எடை. கல்லின் உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர். சராசரி விட்டம் 5.5 மீட்டர் எனக் கொண்டால் கன அளவு ஏறத்தாழ 87 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் 2.7 டன் இருக்கும். பெருக்கினால் 235 டன்! வழக்கமாகச் சொல்லப்படும் 250 டன்னுக்கு இது அருகில்தான் இருக்கிறது. 1908இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஒரு கதை உண்டு. (பாவம், யானைகளை விட்டுவிடுவோம்.)

இக்கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே உருவானது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் தோன்றிய பாறை, மேலிருந்த சுமை அரிக்கப்பட்டு நீங்கியதும் விரிந்து வெடித்தது. தறியில் பாவும் ஊடையும் போல வெடிப்புகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடின. அவற்றில் இறங்கிய மழைநீர், பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றியது. கட்டியின் பக்கத்தை நீர் ஒரு திசையிலிருந்து தாக்கும். விளிம்பை இரண்டு திசைகளிலிருந்து. மூலையையோ மூன்று திசைகளிலிருந்து. ஆகவே மூலைகளே முதலில் சிதையும், கட்டி உருண்டையாகும். நம் பக்கத்துச் செஞ்சி மலைப் பாறைகளும் இவ்வகையே.

சரி, ஏன் உருளவில்லை? உராய்வு என்பீர்கள். அது பாதி விடைதான். உராய்வு வழுக்குவதைத் தடுக்கும், உருளுவதைத் தடுக்காது. சுற்றிவந்து பின்பக்கம் பாருங்கள். ஒரு பகுதி பெயர்ந்துபோய், உருண்டை வடிவமே இல்லை! அடியும் ஒரு புள்ளியில் அன்று, ஒரு பரப்பில் அமர்ந்திருக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் குத்துக்கோடு அப்பரப்புக்குள் விழும்வரை கல் நிற்கும்.

வீட்டில் செய்து பாருங்கள். எலுமிச்சம்பழத்தைச் சாய்ந்த பலகையில் வைத்தால் உருண்டோடும். அடியைச் சிறிது சீவிவிட்டு வைத்தால் நிற்கும். இனி, சீவிய பரப்பின் கீழ்ப்பக்க ஓரத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்குங்கள். ஒரு கட்டத்தில் பழம் திடீரெனப் புரளும்.

மாமல்லபுரத்தில் இந்தச் செதுக்கல் நிற்கவில்லை. கடற்காற்றின் உப்பு, பாறையின் நுண்துளைகளில் படிகமாகி மணிகளைப் பிரிக்கிறது. 8ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் வெளிச்சிற்பங்களில் முகங்கள் மழுங்கியிருப்பதைக் கவனியுங்கள். அடுத்த முறை போகும்போது படம் எடுப்பதற்கு முன், உருண்டைக் கல்லின் அடி ஓரத்தையும் குனிந்து பாருங்கள்.