வியட்நாம் போரில் அமெரிக்கத் தலையீட்டின் விரிவாக்கம்

வியட்நாம் போரில் அமெரிக்கத் தலையீட்டின் விரிவாக்கம் என்பது, தெற்கு வியட்நாமில் படைத்துறை ஆலோசகர்களாக இருந்த அமெரிக்கர்கள் 1965 ஆம் ஆண்டில் நேரடித் தரைப்போரில் இறங்கியதைக் குறிக்கும். இம்மாற்றம் ஒரே முடிவினால் ஏற்பட்டதன்று. பெரும்பாலும் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியைக் காப்பதற்குத் தேவையானதாக முன்வைக்கப்பட்டது.

ஆலோசனைக் காலம்

1950 இல் பிரெஞ்சுப் படைகளுக்கு உதவும் பொருட்டு அமெரிக்கா சாய்கோனில் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1954 இல் பிரான்சு தோல்வியுற்று, ஜெனீவா உடன்பாட்டின்படி வியட்நாம் தற்காலிகமாகப் பிரிக்கப்பட்ட பின்னர், இக்குழு தெற்கு வியட்நாமியப் படைக்குப் பயிற்சி அளித்தது. 1960 இறுதியில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்கப் படையினர், கென்னடியின் ஆட்சிக்காலத்தில், 1963 இறுதிக்குள் ஏறத்தாழ 16,000 ஆகப் பெருகினர். 1961 டிசம்பரில் வந்திறங்கிய உலங்கு வானூர்திகளை அமெரிக்கர்களே ஓட்டி, தெற்கு வியட்நாமிய வீரர்களைப் போர்க்களத்திற்குக் கொண்டு சென்றனர்.

வான் தாக்குதல்

1964 ஆகஸ்ட் 2 அன்று டொங்கின் வளைகுடாவில் வடக்கு வியட்நாமியப் படகுகள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கின. ஆகஸ்ட் 4 அன்று மற்றொரு தாக்குதல் நடந்ததாகக் கூறப்பட்டது. அது நிகழவில்லை என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவாகும். எனினும் ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய தீர்மானம், போர் அறிவிப்பின்றியே படையைப் பயன்படுத்தும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு வழங்கியது. செனட் அவையில் இருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். 1965 மார்ச் 2 அன்று வடக்கு வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது.

தரைப்போர்

விமானத் தளங்களுக்குக் காவல் தேவைப்பட்டது. இதற்காக 1965 மார்ச் 8 அன்று சுமார் 3,500 மரைன் படையினர் டா நாங்கில் இறங்கத் தொடங்கினர். தரைப்படையை அனுப்புவதில்லை என்ற நிலைப்பாடு ஒருமுறை மீறப்பட்டால் பின்னர் வரம்பு கட்டுதல் கடினம் எனத் தூதர் மாக்ஸ்வெல் டெய்லர் முன்னரே எச்சரித்திருந்தார். ஏப்ரலில் அப்படையினருக்குத் தாக்குதல் நடத்தவும் அனுமதி வழங்கப்பட்டது; இது மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. சூலை 28 அன்று படையினரின் எண்ணிக்கை 125,000 ஆக உயர்த்தப்படும் என ஜான்சன் அறிவித்தார். நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கத் தரைப்படையும் வடக்கு வியட்நாமியப் படையும் முதன்முறையாகப் பெருமளவில் மோதின. 1969 இல் அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்திருந்தது.

விளைவுகள்

இப்போரில் 58,000 இற்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் அதனினும் பன்மடங்கு வியட்நாமியரும் உயிரிழந்தனர். அமெரிக்கா இறுதிவரை முறைப்படி போர் அறிவிக்கவில்லை. காங்கிரசின் ஒப்புதலின்றிப் படைகளை நீண்டகாலம் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் நோக்குடன், 1973 இல் போர் அதிகாரத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.