கடலிலிருந்து வரவேண்டிய விடை
(புதிய மென்பொருளை முதலில் கையாள்வோரிடம் அபிப்பிராயம் திரட்டும் முறை)

திருவனந்தபுரம் நகரை அடுத்த தும்பா, மீனவர் வாழ்ந்த ஒரு கடலோரச் சிற்றூர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்துதான் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் செலுத்தப்பட்டது. அப்பணிக்கென அவ்வூரார் தம் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்தனர் என்பது யாவரும் அறிந்ததே. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், அதே கடற்கரையைச் சேர்ந்த மீனவர் பலர் ஒக்கிப் புயலில் சிக்கினர். வானில் செயற்கைக் கோள்கள் இருந்தன. கரையில் எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அது சென்று சேரவில்லை.

நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் முற்பகலிலேயே புயலாக வலுப்பெற்றது. பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களிலிருந்தும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்தும் மீனவர் பலர் அதற்கு முன்பே கடலுக்குள் சென்றுவிட்டனர். கைபேசியின் அலைவரிசை கரையிலிருந்து சுமார் 10 அல்லது 12 கிலோமீட்டர் வரையில்தான் எட்டும். அதற்கு அப்பால், மிகச் சிறந்த செய்திச் சாதனமும் ஊமையாகிவிடுகிறது. கரையில் வைத்து அதைச் சோதித்தவருக்கு இந்தக் குறை புலப்பட வழியில்லை.

பயிர்க் கணக்கு, மாணவர் வருகைப் பதிவு, வானிலைச் செய்தி எனப் பல வேலைகளுக்கு இன்று கைபேசிச் செயலிகள் வந்துள்ளன. அவற்றை முதன் முதலில் மக்களிடம் கொண்டுசெல்பவர் பெரும்பாலும் களப்பணியாளரும் ஆசிரியருமே ஆவர். "மக்களின் கருத்தைக் கேட்டு எழுதுக" என்ற கட்டளையும் அவர்களுக்கே வருகிறது. அக்கருத்தைப் பயன்படும் முறையில் திரட்டுவது எவ்வாறு என்பதை மீனவர் செயலிகளைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

மூன்று படிகள்

1998ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில் அமைந்தது. அலையின் உயரம் பற்றிய விவரங்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து பெறப்பட்டு, ஒலிபெருக்கி மூலம் ஊராருக்கு அறிவிக்கப்பட்டன. கணினித் திரையில் இருந்த செய்தி, கேட்போருக்கு ஏற்ற உருவை இங்ஙனம் அடைந்தது. பின்னர் அந்நிறுவனமே மீனவருக்கெனக் கைபேசிச் செயலி ஒன்றையும் உருவாக்கியது. அலை, காற்று, மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றோடு, பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. இராமேசுவரம், நாகப்பட்டினம் பகுதி மீனவருக்கு அந்த எல்லை எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படி ஒக்கிக்குப் பின் வந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, 2019ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஜெமினி' என்னும் கருவியை வெளியிட்டன. இது 'ககன்' செயற்கைக் கோள் தொகுதி வழியே வரும் எச்சரிக்கையை நடுக்கடலில் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைபேசிச் செயலிக்குத் தருகிறது. அலைவரிசை எட்டாத குறை இதனால் நீங்கிற்று. ஆயினும் இது ஒருவழிச் செய்தியே. எச்சரிக்கை படகுக்கு வரும். படகிலிருந்து "ஆபத்தில் இருக்கிறோம்" என்ற சொல் கரைக்குப் போகாது.

மூன்றாவது படி, அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய 'நபமித்ரா' என்னும் இருவழிக் கருவி. 2024ஆம் ஆண்டு சனவரியில் கொல்லம் மாவட்டத்து நீண்டகரையில், படகிலேயே இது சோதிக்கப்பட்டது. பயன்படும் இடத்திலேயே சோதனையும் நிகழ்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

எங்கே கேட்பது

கூட்டம் கூட்டி, கருவியைக் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று வினவினால், "நன்றாக இருக்கிறது" என்ற விடையே கிடைக்கும். இது பொய்யன்று, வீட்டுக்கு வந்தவரிடம் காட்டும் மரியாதை. அதனால் செயலியைத் திருத்த முடியாது.

செயலி வேலை செய்ய வேண்டிய இடத்திற்கு நாமே செல்லுதல் நன்று. ஈரமான விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்குவதில்லை. நண்பகல் வெயிலில் திரையின் எழுத்து மங்குகிறது. இயந்திரத்தின் இரைச்சலில் எச்சரிக்கை மணி காதில் விழுவதில்லை. அலுவலக மேசை முன் இம்மூன்றும் தெரியா. படகில் ஒரு மணி நேரம் இருந்தால் தெரியும். கருவியை மீனவர் கையில் கொடுத்து, "நாளைய காற்றின் வேகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு, உதவாமல் கவனிக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கேதான் திருத்தம் தேவை.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக் கோள் வழியே தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. அப்போது சில ஊர்களில் ஆய்வாளர்கள் தங்கியிருந்து, மக்கள் எதைப் பார்த்தனர், எதனை விடுத்தனர் என்பதைக் கவனித்தனர்.

என்ன கேட்பது

பொதுவான அபிப்பிராயத்தைக் கேளாது, நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். "கடைசியாக எச்சரிக்கை வந்தது என்று? அப்போது கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்? செய்தி என்ன சொன்னது? கடல் எப்படி இருந்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்?" இவ்வைந்து வினாக்களுக்கும் விடை கிடைத்தால், ஒரு குறிப்பு முழுமை பெறுகிறது. படகின் வகையையும் அதனுடன் எழுதுதல் அவசியம். விசைப்படகுக்குப் பொருட்டில்லாத அலை, கட்டுமரத்தைக் கவிழ்த்துவிடும்.

இக்குறிப்புகளை நான்கு கட்டங்களில் பிரித்து வைக்கலாம். எச்சரித்தபடி காற்று வந்தது, எச்சரித்தும் வரவில்லை, எச்சரிக்காமல் வந்தது, எச்சரிக்கையும் இல்லை, காற்றும் இல்லை. முன்னறிவிப்பின் தரத்தை அளக்க வானிலை விஞ்ஞானிகள் கையாளும் முறை இதுவே. மூன்றாவது கட்டம் உயிரைப் பறிப்பது. அதனை எவரும் மறப்பதில்லை. இரண்டாவதை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். "கடலுக்குச் செல்லாதீர்" என்ற செய்தியைக் கேட்டுக் கரையில் தங்கியவர் அன்றைய வருவாயை இழக்கிறார். கடல் அமைதியாக இருந்தால் அடுத்த எச்சரிக்கையை நம்பத் தயங்குவார். ஆகையால் அவருடைய மனக்குறையும் உயிர் காக்கும் குறிப்பேயாகும்.

அவர் சொல்லில் எழுதுக

வானிலைத் துறையின் வழக்கில், காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலன்றிப் 'புயல்' என்று சொல்வதில்லை. 50 முதல் 61 வரை 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்' எனப்படும். சிறு படகுக்கு இதுவே பேராபத்து. ஆனால் 'தாழ்வு' என்ற சொல் அச்சத்தைத் தருவதில்லை. இத்தகைய சொற்களைத் தமிழாக்கும் பணியில் உள்ளவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. சொல் இலக்கணப்படி சரியாக இருப்பது மட்டும் போதாது. அதைக் கேட்டவர் என்ன செய்தார் என்பதே உரைகல். கடலோரத்தில் கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. மீனவர் "கச்சான் முற்றிற்று" என்று கூறினால், அதனை "மேற்குக் காற்று வலுத்தது" என்று மாற்றாமல் அப்படியே குறித்துக்கொள்க. அவர் எந்தச் சொல்லால் அபாயத்தை உணர்கிறார் என்பதைச் செயலி அமைப்போர் அதிலிருந்து அறிவர்.

கூட்டத்திற்கு வராதவர்

கூட்டத்திற்கு வருபவர் பெரும்பாலும் கருவியை விரும்பியவர். இரண்டு நாள் பயன்படுத்திப் பின் பெட்டியில் வைத்தவர் வருவதில்லை. புதுவகைக் கைபேசி இல்லாதவரும் வருவதில்லை. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர் வர இயலாது. இவர்களைத் தேடிச் சென்று, "ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டறிதல் வேண்டும். ஒக்கியில் எச்சரிக்கை எட்டாதவர்களுள் கரை திரும்பாதவர் பலர். அவர்களிடம் இனி நாம் எதுவும் கேட்க இயலாது. அவ்விடத்தில் இன்று இருப்பவரைத் தேடிக் கேட்பதே நம்மால் ஆவது.

திரும்பிச் செல்லுதல்

கருத்தைப் பெற்றவர் ஒருமுறையேனும் திரும்பிச் சென்று, "நீங்கள் கூறிய இது திருத்தப்பட்டது, இது இன்னும் ஆகவில்லை, காரணம் இது" என்று தெரிவித்தல் வேண்டும். இதனைச் செய்யாவிடில் இரண்டாம் முறை எவரும் மனம் திறந்து பேசமாட்டார். கடலோரப் பள்ளி ஆசிரியருக்கு இதில் நல்ல வாய்ப்பு உண்டு. மாணவர் தத்தம் வீட்டில் கேட்டு, அன்றைய முன்னறிவிப்பையும் உண்மையில் இருந்த கடலையும் ஒரு குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதிவரலாம். ஒரு பருவம் முடிந்ததும் அதனை மீன்வளத்துறை அலுவலருக்கு அனுப்பினால், ஊரின் அனுபவம் முழுவதும் ஓரிடத்தில் கிடைக்கும். மாணவருக்கு வானிலைப் பாடமும் ஆகும்.

தும்பாவில் ஊரார் விஞ்ஞானத்துக்கு இடம் கொடுத்தனர். புதிய சாதனம் ஒன்றை நாம் அவர்கள் கையில் கொடுக்கும்போது, அது பயன்பட்டதா என்று கடலுக்குச் சென்று திரும்பியவரைக் கேட்டு, அவர் கூறியதைக் கூறியவாறே எழுதி அனுப்புவது நம் கடமையாகும்.