பூமலையில் கூடும் கேமராவும்

சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவான பூமலையில் 1875இல் தொடங்கி முப்பது ஆண்டுக்காலம் ஒரு சிறிய விலங்குக்காட்சிசாலை இருந்தது. புலி, சிறுத்தை, ஒராங்ஊத்தான் எல்லாம் கூண்டுக்குள். அதே காலத்தில் லாம்பர்ட் புகைப்பட நிறுவனத்தார் முக்காலியும் கண்ணாடித் தகடுமாக வந்து இந்தத் தோட்டத்தைப் படம் எடுத்தார்கள். பாதை, பனை, குளம் எல்லாம் அந்தப் படங்களில் அழகாக விழுந்தன. சிறகடிக்கும் பறவை அந்தத் தகட்டில் அகப்படுவது மட்டும் அரிது.

இன்று கூண்டும் இல்லை, கட்டணமும் இல்லை. காலை ஐந்து மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடும் இந்த 82 ஹெக்டேர் தோட்டத்தில் உடும்பு நடைபாதையைக் குறுக்கே கடக்கிறது. காட்டுக்கோழி குஞ்சுகளோடு புல்லைக் கிளறுகிறது. நீர்நாய்க் குடும்பங்களும் குளத்துக்கு வந்து போகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் ஒரே மரத்தை அண்ணாந்து பார்த்து நின்றால், அங்கே மீன் ஆந்தை உறங்குகிறது என்று பொருள். பத்துப் பேர் கையிலும் நீண்ட லென்ஸ் இருக்கும்.

பழகிய நண்பர்கள் பலர் ஒன்று சொல்வார்கள்: ஃபிலிம் காலத்துப் படக்காரர்கள் பொறுமைசாலிகள், பறவைக்குத் தொல்லை தராதவர்கள், டிஜிட்டல் வந்துதான் எல்லாம் கெட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழைய படக்கலை எதன் மேல் நின்றது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அது நின்றது பறவையின் கூட்டின் மேல்.

இந்த ஊரின் பறவைப் படக்கலை முன்னோடியான லோக் வான் தோவையே எடுத்துக்கொள்ளலாம். கேத்தே திரையரங்குகளின் அதிபர் அவர். 1942இல் ஜப்பானியர் படையெடுப்புக்குத் தப்பிச் சென்றபோது கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, பார்வையே போய்விடும் நிலைக்கு வந்து, பிழைத்து இந்தியா சேர்ந்தார். அங்கேதான் பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. 1964இல் தைவானில் விமான விபத்தில் இறக்கும்வரை அந்த நட்பும் பறவைப் படங்களும் அவரோடு இருந்தன. 1957இல் வெளிவந்த அவருடைய ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ நூலை இன்று புரட்டினாலும் அந்த உழைப்பு மலைக்க வைக்கும்.

அவர் காலத்து வேலைமுறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1961க்கு முன்பிருந்த கோடாக்ரோம் வண்ண ஃபிலிமின் வேகம் ஏஎஸ்ஏ 10தான். பூமலைக்குள் இன்றும் மிச்சமிருக்கும் 6 ஹெக்டேர் மழைக்காட்டு நிழலில் அதை வைத்துக்கொண்டு பறவையை எடுக்க முடியாது. லென்ஸும் குட்டை. ஆகவே பறவைக்குச் சில அடி தூரத்துக்குள் போயாக வேண்டும், ஃபிளாஷும் வேண்டும். காட்டில் திரியும் பறவை எங்கே வந்து உட்காரும் என்று யார் சொல்ல முடியும்? தவறாமல் திரும்பி வரும் இடம் ஒன்றே ஒன்று, குஞ்சு இருக்கும் கூடு. எனவே கூட்டுக்கு எதிரே பரண் கட்டினார்கள். கூடு உயரத்தில் இருந்தால் பரணும் அந்த உயரத்துக்கு எழும்பியது. பறவை மிரளாதபடி மறைப்பை நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டு வந்தார்கள். கூட்டை மறைக்கும் இலைக்கொத்தைக் கயிற்றால் விலக்கிக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். தேர்ந்தவர்கள் இதை மிகுந்த அக்கறையோடு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இலை விலகிய அந்த நேரத்தில் வெயிலும் காக்கையும் பாம்பும் கூட்டுக்குள் எட்டிப் பார்க்க வழி பிறந்துவிடுகிறது. அவர்களைப் பார்த்துக் கற்ற அரைகுறைகளின் கையில் எத்தனை கூடுகள் கைவிடப்பட்டிருக்கும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கட்டாயத்தை முறித்தது புதிய கருவிதான். இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே வருகிறது. அதாவது கோடாக்ரோமைவிட 640 மடங்கு ஒளியுணர்வு. 600 மில்லிமீட்டர் லென்ஸ் தோளில் தொங்குகிறது. பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கிறது. முப்பது மீட்டர் தள்ளி நின்று, ஃபிளாஷ் இல்லாமல், பறவை பழம் தின்பதை, குளிப்பதை, சண்டையிடுவதை எடுக்கலாம். கூட்டை நாட வேண்டிய தேவையே இல்லை. படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. என் மனத்துக்கு, இந்தக் கலையில் இதுவரை நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

அப்படியிருந்தும் கூட்டுக்கு எதிரே ஆட்கள் நிற்கிறார்கள். இந்த வேதனைக்குக் காரணம் கைப்பேசி. அன்று கூடு இருக்கும் இடம் பரணில் இருந்தவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் மட்டும் தெரியும். இன்று காலை ஏழு மணிக்கு ஒருவர் பார்த்தால் எட்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. தனித்தனியாக எல்லாரும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் நாற்பது ஒழுங்கான மனிதர்கள் விடியலிலிருந்து அந்திவரை மாறி மாறி நின்றால் அது கூட்டுக்கு முற்றுகை.

இருவாச்சியின் கூட்டை நினைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை இருவாச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சிங்கப்பூரை விட்டு மறைந்த பறவை. 1994இல் புலாவ் ஊபின் தீவில் ஓர் இணை தென்பட்டது. இன்று பூமலை மரங்களில் அதன் கரகரத்த குரல் கேட்கிறது. மரப்பொந்துக்குள் புகுந்த பெண் பறவை வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவைக்கும். அதற்கும் குஞ்சுக்கும் உணவு முழுக்க ஆண் கொண்டுவந்து ஊட்டுவது. கீழே கூட்டத்தைக் கண்டு ஆண் தயங்கிப் பறந்து போனால், உள்ளே இருப்பவை வெளியே வந்து இரை தேட வழியில்லை.

2020இல் காட்டுயிர்ச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. காட்டுயிருக்கு உணவிட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். புழுவை வீசிப் பறவையை வெளிச்சத்துக்கு வரவழைப்பதும் உணவிடுவதே. மிதப்பதற்காக மீனின் வயிற்றில் ஸ்டைரோஃபோமைத் திணித்து, கழுகை இறங்க வைத்துப் படம் எடுத்த கொடுமை இதே ஊரில்தான் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் உணவிடுவதைத் தடுக்கும் விதி, பேசாமல் வெறுமனே நிற்கும் கூட்டத்தை என்ன செய்ய முடியும்?

நீர்நாய்களின் கதை கொஞ்சம் ஆறுதல். 1998இல் சுங்கை பூலோவில் மீண்டும் தென்பட்ட அவை ஆறுகள் வழியே நகரம் முழுக்கப் பரவின. எந்தக் குடும்பம் எங்கே போனது, எத்தனை குட்டி பிழைத்தது என்பதில் பெரும்பகுதி பொதுமக்கள் எடுத்த படங்களிலிருந்து தெரிந்துகொண்டது. வெறும் பொழுதுபோக்காக எடுத்த படம் நாளும் இடமும் சேர்ந்ததும் ஆவணமாகிவிடுகிறது. ஆனாலும் 2021இல் இதே பூமலையில் விடியற்காலை நடக்க வந்த ஒருவரை நீர்நாய்கள் கடித்துக் காயப்படுத்தின. குட்டிகளோடு இருக்கும் குடும்பத்தின் முன் முழங்காலிட்டுப் படம் எடுப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

இருவாச்சிகளை மீட்கப் பாடுபட்ட ஆய்வாளர்கள் 2000களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை மரத்தில் ஏற்றி, உள்ளே சிறிய கேமராக்களைப் பொருத்தினார்கள். அடைத்த வாசலுக்குப் பின்னால் தாய் என்ன செய்கிறது, குஞ்சு எப்படி வளர்கிறது என்பதெல்லாம் பதிவாயின. நலிந்த குஞ்சைத் தாயே கொன்ற காட்சிகூடப் பதிவானது. பரண் மேல் உட்கார்ந்த அந்தத் தலைமுறை ஏங்கிப் பார்த்திருக்கக்கூடிய படங்கள் அவை. அவற்றை எடுக்க மரத்தடியில் ஒருவரும் நிற்க வேண்டியிருக்கவில்லை.