காணாமல் போன நான்கு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பில்லிங் மலைச்சரிவில் என் கால் தரையை விட்டது. 11 நிமிடம் கழித்து பீர் கிராமத்துப் புல்வெளியில் அதே கால் மறுபடி தரையைத் தொட்டது. பாராகிளைடரை வாரிச் சுருட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். எனக்கு முன்னால் கிளம்பியவர்கள், பின்னால் கிளம்பியவர்கள் எல்லோரும் தௌலாதார் மலைமுகட்டுக்கு மேலே எள் எள்ளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து இரவு முழுக்க மலைப் பேருந்து, கெஞ்சி வாங்கிய ஒரு வார விடுப்பு. அத்தனையும் இந்த 11 நிமிடத்துக்குத்தானா? தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இமாச்சலப் பிரதேசத்தின் இந்தப் பில்லிங், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் இடம் அதற்குச் சுமார் 1,000 மீட்டர் கீழே. என் பாராகிளைடர் அசையாத காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் வீதம் இறங்கும். அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால்கூட 15 நிமிடம் வானத்தில் இருந்திருக்க வேண்டும். 4 நிமிடம் உதைக்கிறது. அதை எங்கே தொலைத்தேன்?

காற்றில்தான். நான் காற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் காற்றும் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வீதம் கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கீழே போகும் எஸ்கலேட்டரில் படியும் இறங்கினால் எவ்வளவு சீக்கிரம் தரைக்கு வந்துவிடுவோமோ, அப்படித்தான் வந்து சேர்ந்தேன். முகட்டுக்கு மேலே சுற்றியவர்கள், மேலே போகும் எஸ்கலேட்டரில் ஏறியிருந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் காற்று ஏறினால், அந்த இடத்தை நிரப்ப இன்னோரிடத்தில் காற்று இறங்கியே ஆக வேண்டும். அவர்களைத் தூக்கிய அதே காற்றோட்டத்தின் மறுபாதி என்னை இறக்கியிருக்கிறது.

பாராகிளைடரில் எஞ்சின் கிடையாது. விறைப்பான சட்டமும் கிடையாது. சுமார் 25 சதுர மீட்டர் துணி, ஐந்து கிலோ எடை, அவ்வளவுதான். முன்விளிம்பில் இருக்கும் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, துணியறைகளை ஊதிப் பெருக்கி, அதற்கு ஒரு சிறகின் வடிவம் கொடுக்கிறது. 1978இல் பிரான்சின் மியூசி என்ற ஊரில் மூன்று பாராசூட் வீரர்கள், விமானத்துக்குச் செலவழிக்காமல் பயிற்சி செய்ய மலைச்சரிவிலிருந்தே ஓடிப் பறந்து பார்த்தார்கள். இந்த விளையாட்டு அங்கேதான் வேர் பிடித்தது. அப்போதும் சரி, இப்போதும் சரி, இந்தத் துணிச்சிறகுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: முன்னே நகர்ந்தபடி இறங்குவது. அது இறங்குவதைவிட வேகமாக ஏறும் காற்று கிடைத்தால் மட்டுமே நாம் மேலே போவோம்.

வெயிலின் சூட்டால் அப்படி ஏறும் காற்றுக்குத் தெர்மல் என்று பெயர். சூரியன் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. வெயில் காற்றை ஊடுருவி வந்து தரையைச் சுடவைக்கிறது; சுட்ட தரை, தன்மேல் கிடக்கும் காற்றைச் சுடவைக்கிறது. பாறை, காய்ந்த வயல், தகரக்கூரை எல்லாம் சீக்கிரம் சூடேறும். காடும் ஈர நிலமும் தாமதிக்கும். சூடான காற்று உடனே கிளம்பிவிடாது. தரையோடு ஒட்டிக்கொண்டு சரிவில் மேல்நோக்கி வழியும். கொடியில் போட்ட ஈர வேட்டியைப் பாருங்கள். துணி முழுக்கத் தண்ணீர் இருந்தாலும், அது கீழே வழிந்து, விளிம்பில் தாழ்ந்து தொங்கும் ஒரு முனையில் திரண்டுதான் சொட்டும். அந்தக் காட்சியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் மலை. சூடான காற்று சரிவெல்லாம் ஊர்ந்து, பாறை முனையிலோ காடு முடியும் விளிம்பிலோ திரண்டு, மேல்நோக்கிச் ‘சொட்டுகிறது’. ஏறும் தூண் குறுகலாக, வேகமாக இருக்கும். அதைச் சுற்றி இறங்கும் காற்று அகலமாக, மெதுவாக இருக்கும். ஆகவே குருட்டாம்போக்கில் பறப்பவருக்கு இறங்கும் காற்றுதான் அதிகம் மாட்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாட்டியதுபோல.

திங்களன்று யாருமே ஏறவில்லை. ஜீப் ஓட்டுநர் காலையிலேயே சொல்லிவிட்டார்: “புகையைப் பாருங்க, இன்னிக்கு மூடி போட்டிருக்கு.” வீடுகளிலிருந்து கிளம்பிய அடுப்புப் புகை நேராக ஏறி, ஓர் உயரத்தில் கூரையில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் பாயாக விரிந்திருந்தது. ஏறும் காற்று விரிவடைவதால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குளிரும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரைதான் அது ஏற முடியும். இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட்டால், மேலே இருக்கும் காற்று கீழே இருப்பதைவிடச் சூடாக இருக்கும். தெர்மல் அங்கே முட்டி நின்றுவிடும். வெயில் நன்றாகச் சுட்டால் மதியத்துக்குள் மூடி கரையும். அன்று கரையவில்லை.

செவ்வாய்க்கிழமை கரைந்தது.

கிளம்பிய ஐந்தாவது நிமிடம் வலப்பக்க ரைசர், அதாவது என்னைச் சிறகோடு இணைக்கும் பட்டை, இழுபட்டது. சிறகின் வலது பாதியை ஏதோ தூக்குகிறது. அந்தப் பக்கமே சாய்ந்து திரும்பினேன். வேரியோ கீச்சிட ஆரம்பித்தது. ஏற்ற இறக்கத்தை ஒலியாகச் சொல்லும் கருவி அது. ஏறினால் கீச்சிடும், இறங்கினால் முனகும். இது ஏன் தேவை என்று பலர் கேட்பதுண்டு. நம் உட்செவியின் சமநிலை உறுப்புகள் ஏற்ற இறக்கத்தில் வேகம் மாறுவதை மட்டுமே உணரும். மாறாத வேகத்தில் ஏறுவதோ இறங்குவதோ அவற்றுக்குத் தெரியாது. லிஃப்டில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிறு கலங்குகிறது, நடுவில் ஒன்றும் தெரிவதில்லை அல்லவா? ஆகாயத்தில் தரை வெகுதூரத்தில் இருப்பதால் கண்ணும் கைவிட்டுவிடும். வேரியோவின் உணரி, ஒரு சாண் உயரம் மாறினாலும் காற்றழுத்தம் மாறுவதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

எனக்கு மேலே இமாலயப் பாறு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. விரித்த சிறகு மூன்று மீட்டரை நெருங்கும் பறவை. சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், என்னைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றி, என்னைவிட வேகமாக ஏறியது. அதற்கு வேரியோ இல்லை. அது எங்கே சுற்றியதோ அங்கே என் வட்டத்தையும் நகர்த்தினேன். கீச்சொலி இன்னும் கூர்மையானது. கொஞ்ச நேரம் இருவரும் எதிரெதிரே ஒரே வட்டத்தில் சுற்றினோம். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் மறக்க முடியாத பார்வை அது. ஒரு கால்நடை வலிமருந்து இந்தியாவின் பாறுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. டைக்ளோஃபினாக் என்ற அந்த மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது 2006இல்தான். நம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் எஞ்சியிருக்கின்றன. வானத்தில் வழிகாட்ட இவை இல்லாமல் போனால் என்ற எண்ணம் அந்த வட்டத்துக்குள்ளேயே வந்து நெஞ்சை அடைத்தது.

3,900 மீட்டர். விரல்கள் மரத்தன. எங்கோ கீழேயிருந்து பைன் மர வாசம் வந்தது. வாசமும் தெர்மலில் ஏறிவரும். தரம்சாலா திசையில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். மூன்றரை மணி நேரம்.

அந்த மிதப்புதான் புதன்கிழமை என்னைத் தள்ளிவிட்டது என்று இப்போது புரிகிறது. மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மலைத்தொடரிலிருந்து கிளை பிரிந்து இறங்கும் ஒரு வரப்பின் கிழக்குப் பக்கம் நல்ல வெயில்பட்ட பாறை தெரிந்தது. அங்கே தெர்மல் இருக்கும் என்று முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் நுழைந்தேன். ஆற்றில் பெரிய பாறைக்கு முன்னால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஏறும். பின்னால் சுழித்துக் குழம்பும். மலைக்குப் பின்னால் காற்றும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த எனக்கு, காற்று மலையிடுக்கில் எப்படிப் பாயும் என்பது தெரியாததல்ல. தெரிந்தும் போனேன்.

மேலிருந்து அறைந்த ஒரு காற்று, சிறகின் இடப்பாதியை மடக்கிவிட்டது. துணிச்சிறகு நிமிர்ந்து நிற்பது, காற்று முன்னால் சற்றுக் கீழிருந்து வந்து மோதும்வரைதான். மேலிருந்து மோதினால் முன்விளிம்பு உள்ளே மடங்கும். மடங்கிய பக்கம் சுழன்று விழத் தொடங்கும். திறந்திருக்கும் பக்கம் உடம்பைச் சாய்த்து, திசையைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு மேல் பதற்றத்தில் இழுத்துக் குழப்பாமல் இருக்க வேண்டும். இன்றைய சிறகுகள் பெரும்பாலும் தாமாகவே விரிந்துவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. என்னுடையதும் விரிந்தது, 60 மீட்டர் விழுந்த பிறகு. ஒரு கை ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடியில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இறங்கியதும் வெகுநேரம் புல்லில் உட்கார்ந்திருந்தேன். தவறு என்னுடையது மட்டுமே.

வியாழனன்று மேற்கத்திய இடையூறு வந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி இமயமலைவரை வரும் மழைமேகக் கலக்கம் இது. முகடுகளில் பனி, பீரில் மழை. தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பாராகிளைடரில் பறப்பவர்கள் எல்லோரும் போல நாங்களும் ஏவா விஷ்னியர்ஸ்காவைப் பற்றிப் பேசினோம். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலாவில், ஜெர்மனி அணியின் இந்த வீராங்கனையை இடிமேகம் ஒன்று உறிஞ்சி 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. எவரெஸ்ட்டைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். மைனஸ் 50 டிகிரியை ஒட்டிய குளிர். மூச்சுக்கு ஆக்சிஜன் போதாமல் 40 நிமிடத்துக்கு மேல் நினைவில்லை. சிறகு தானாகவே பறந்துகொண்டிருந்தது. நினைவு திரும்பி, உயிரோடு இறங்கினார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஹே ஜோங்பின் திரும்பவில்லை.

ஒரு மேகத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? இட்லிப் பானையைத் திறந்து ஆவியில் கை சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடும். ஆவி தண்ணீராக மாறும்போது, தனக்குள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் வெளியே விடுகிறது. மேகத்தில் ஒவ்வொரு கிராம் ஈரம் துளியாகும்போதும் ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் ஏற்றுகிறது. ஏறிய காற்றின் ஈரம் மேலும் துளியாகிறது. கீழே வெயிலால் தொடங்கிய ஏற்றம், மேகத்துக்குள் போனதும் தன் சொந்த அடுப்பை மூட்டிக்கொள்கிறது. வெள்ளை மேகம் அழகாகத் தெரிந்தாலும் அதன் அடிப்பகுதி கருத்து அகலமாகும்போது விலகிப் போக வேண்டியது இதனால்தான்.

வெள்ளியன்று மழை கழுவிய வானம். கண் கூசும் வெயில், மேலே குளிர்ந்த காற்று. இரண்டும் சேர்ந்தால் தெர்மல் கட்டுக்கடங்காது. டேக்-ஆஃபில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு ஜீப்பிலேயே 14 கிலோமீட்டர் இறங்கினேன். டேக்-ஆஃபில் ஒரு சுற்றுலாக் குடும்பம், பணம் கட்டியாகிவிட்டது என்று, பயணியைச் சேர்த்துக்கொண்டு பறக்கும் டேண்டம் பைலட்டிடம் மல்லுக்கு நின்றது. அவர் அசைந்துகொடுக்கவில்லை. பீரிலும் உயிர்கள் போயிருக்கின்றன. பறக்க முடியாது என்று ஒரு பைலட் சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள். அந்த மறுப்பும் நீங்கள் கொடுத்த காசுக்குள் அடக்கம்.

சனிக்கிழமை கடைசி நாள். நான்கரை மணிக்கு, வெயில் மஞ்சளாகிய பிறகு கிளம்பினேன். தெர்மல் எல்லாம் அடங்கிவிட்ட நேரம். ஆனால் மலைச்சரிவுகள் குளிரத் தொடங்கும்போது, அவற்றை ஒட்டிய காற்று கனத்துப் பள்ளத்தாக்கை நோக்கி வழிந்து இறங்கும். அது உள்ளே நுழைந்து, பகலெல்லாம் சூடேறிக் கிடந்த காற்றை நடுவிலிருந்து மேலே நெம்பும். முட்டி மோதாத, அகலமான ஏற்றம். சரிவை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே போனேன். வேரியோ மௌனமானது. கீச்சும் இல்லை, முனகலும் இல்லை. நான் வினாடிக்கு 1.1 மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தேன். காற்று வினாடிக்கு 1.1 மீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. திபெத்தியக் குடியிருப்பின் மடாலயக் கூரைகள் கீழே அசையாமல் கிடந்தன.

70 நிமிடம் கழித்து அதே புல்வெளியில் இறங்கினேன். சிறகு பக்கத்தில் சரிந்து அடங்கியது. மலைப்பக்கமிருந்து, புல்லை ஒட்டி, கணுக்கால் உயரத்துக்கு மட்டும் சில்லென்று ஒரு காற்று வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் என்னைத் தாங்கிய ஏற்றத்தை அடியிலிருந்து நெம்பிய காற்று அதுதான்.