வெள்ளம் வருமுன் ஊருக்கு ஒரு கட்டளை நிலையம்

ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் நமது பள்ளிவாசல்களின் கதவுகள் உடனே திறக்கின்றன. இளைஞர்கள் தோணியோடும் உழவு இயந்திரத்தோடும் இறங்குகிறார்கள். சமைத்த உணவு சில மணித்தியாலங்களில் தயாராகிவிடுகிறது. ஆளுக்கோ மனதுக்கோ குறைவில்லை. யார் எங்கே போயிருக்கிறார், எந்த வீதி மூடப்பட்டுள்ளது, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பவற்றை ஒரே இடத்தில் திரட்டித் தீர்மானிக்கும் ஏற்பாடுதான் பல ஊர்களில் இல்லை.

இது சிறிய விடயமல்ல. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. ஒரு வீதியைக் கடக்கலாமா, கூடாதா என்ற தகவலின் பெறுமதி அப்படிப்பட்டது.

1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத் தீ 13 நாட்களில் 16 உயிர்களைப் பறித்தது. பின்னர் ஆராய்ந்தபோது, பல படைகள் ஒருங்கிணைப்பின்றி இயங்கியதே பெரிய குறையாகத் தெரிந்தது. ஒவ்வொரு படையும் வெவ்வேறு சொற்களையும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளையும் பயன்படுத்தியது. அதிலிருந்து பிறந்ததே சம்பவக் கட்டளை முறைமை. களத்துக்கு ஒரு பொறுப்பாளர். ஒருவரின் கீழ் 3 முதல் 7 பேர் வரை மட்டும். அனைவருக்கும் ஒரே மொழி. இவையே அதன் அடிப்படை.

அங்குள்ள சிறிய தொண்டர் தீயணைப்புப் படைகள் இதற்காக டிரெய்லர் ஒன்றை வைத்திருக்கின்றன. பிக்கப் வாகனத்தில் இழுத்துச் செல்லலாம். உள்ளே ஒரு மேசை, பிரதேச வரைபடம், வெள்ளைப் பலகை, வானொலிக் கருவிகள், மின்கலம், விளக்குகள், பதிவுப் புத்தகம் இருக்கும். அபாயத்துக்கு எட்டாத மேட்டு நிலத்தில் அதை நிறுத்துவார்கள். ஜெனரேட்டரைத் தள்ளியே வைப்பார்கள். அதன் புகையிலுள்ள நச்சு வாயு உயிரைக் குடிக்கும்.

தொலைபேசியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை 2004 சுனாமி நமக்கே கற்றுத் தந்தது. அம்பாந்தோட்டையில் தொலைபேசி இணைப்புகள் செயலிழந்தபோது கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தியவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள்.

நமது ஊர்களுக்கு விலையுயர்ந்த வாகனம் தேவையில்லை. உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டக்கூடிய, கூரையுள்ள ஒரு பெட்டி போதும். அதுவும் முடியாவிட்டால் நீர் புகாத இரண்டு பெட்டிகளில் இப்பொருட்களை அடுக்கி வைக்கலாம். வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் இந்த ஏற்பாடு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைக்கலாம்.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே ஆளைத் தீர்மானிக்க வேண்டும். மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்ளுமாறு வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசல் நிருவாகம், ஜனாஸா சங்கம், விளையாட்டுக் கழகம், பெண்கள் அமைப்பு ஆகியன மழைக்காலத்துக்கு முன் ஒன்றாக அமர்ந்து, களப் பொறுப்பாளர் ஒருவரையும் அவருக்குப் பதிலாள் ஒருவரையும் பெயர் குறிப்பிட்டுத் தெரிவு செய்யட்டும். வருடத்தில் ஒரு நாள் ஒத்திகை பார்க்கட்டும். யாருடைய சொல்லைக் கேட்பது என்ற தர்க்கத்தை வெள்ளம் வந்த பிறகு தீர்க்க நேரம் இருக்காது.