புதுச்சேரி நெற்றிகள்

நாற்பது வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் தோல் டாக்டரிடம் போனதை யாரும் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். தோல் டாக்டர் என்றால் படை, சொறி, வெண்புள்ளி, தொழுநோய். காதோடு காதாகப் பேச வேண்டிய பால்வினை நோய்களும் அவர் பொறுப்புதான். கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்த முகம் தென்பட்டால், "சும்மா, ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்று நழுவிவிடுவார்கள். இன்று நூறடிச் சாலையில் போகும்போது பாருங்கள்: ஸ்கின் அண்ட் ஹேர் கிளினிக், லேசர், ஏஸ்தெடிக்ஸ் என்று பலகைகள். உள்ளே போய்வந்த அக்கா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே போடுகிறார். தோல் டாக்டரின் மேற்படிப்புப் பட்டத்தில் தொழுநோய் இன்னும் இருக்கிறது; பலகையில் மட்டும் இல்லை.

ஆசை புதிது என்று சொல்ல மாட்டேன். நரை திரை மூப்பை விரட்டக் காயகற்பம் தேடிய சித்தர்களின் சமாதிகள் நிறைந்த ஊர் இது. கற்பம் கிடைக்காதவர்கள் இஞ்சி, சுக்கு, கடுக்காயோடு திருப்திப்பட்டார்கள். வீட்டுப் பெண்களுக்குப் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும். அதனால் சுருக்கம் போயிற்றா என்றால் போகவில்லை. யாருக்கும் கெடுதல் வரவும் இல்லை. திரை விழுந்த முகத்துக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் மார்பில் பதக்கங்களோடு நின்ற கிழச் சொல்தாக்களை, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை, படம் எடுக்க வந்தவர்கள் தேடியது அந்தக் கோடுகளைத்தான்.

இன்றைக்கு நெற்றிக் கோட்டை அழிக்கப் போடும் ஊசியின் கதை ஐரோப்பாவில் கெட்டுப்போன இறைச்சியிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கவிஞரும்கூட, தொத்திறைச்சி தின்று கைகால் செயலிழந்து செத்தவர்களைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டது 1822இல். அடுத்த வருடம், 1823இல், பிரெஞ்சுக்காரர்கள் இங்கே புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் ஜிப்மராக வளர்ந்தது அதுதான். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்துவிட்டு உப்பிட்ட பன்றிக்கறி சாப்பிட்ட இசைக்குழுவினரில் 3 பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கறியிலிருந்து நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அது சுரக்கும் நஞ்சு, நரம்பு நுனியிலிருந்து அசிடைல்கோலின் வெளிவராமல் தடுக்கிறது. ஆணை வராததால் தசை சுருங்காது. மூச்சு விடும் தசைகளுக்குப் பரவினால் ஆள் போய்விடுவார்.

இந்த நஞ்சை மருந்தாக்கியவர் ஒரு கண் டாக்டர். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய, இழுக்கும் தசையில் மிகச் சிறு அளவு செலுத்திப் பார்த்தார். 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். 1987 வாக்கில் கனடாவின் வான்கூவரில், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஓர் அம்மாள், புருவத்துக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கேட்டார். அங்கே போட்டால் முகம் தெளிந்துவிடுகிறதாம். கண் டாக்டர் ஜீன் கரதர்ஸ் இதை வீட்டுக்குப் போய்த் தோல் டாக்டரான கணவரிடம் சொன்னார். 1992இல் இருவரும் கட்டுரை எழுதினார்கள். போடாக்ஸ் என்ற பெயரில் விற்கும் இந்த மருந்தைப் புருவ நடுக் கோட்டுக்குப் போட 2002இல் அமெரிக்க அனுமதி வந்தது. கழுத்துத் திருகலுக்கும் பக்கவாதத்தால் இறுகிய கைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் போடுவதும் இதே மருந்தையே.

போடாக்ஸ் ஒன்றுதான் என்றிருந்த காலமும் போய்விட்டது. பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது டிஸ்போர்ட். ஜெர்மனியின் மெர்ஸ் கம்பெனியுடையது ஜியோமின். கொரியாவிலிருந்து பல தயாரிப்புகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆறு மாதம்வரை தாங்கும் என்று சொல்லி 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது டாக்ஸிஃபை. கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் எது வேண்டும் என்று புடவைக் கடைபோல எடுத்துப் போடுகிறார்கள்.

புதுச்சேரிக்கென்றே இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. பாரிஸிலிருந்து ஆகஸ்ட் லீவுக்கு வந்த சித்தி, "எனக்கு அசலூர் போட்டாங்க, 50 யூனிட்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே இருக்கும் அக்காவுக்கு அதே புருவ நடுவில் போடாக்ஸ் 20 யூனிட். "பார்த்தியா, பாதிகூடப் போடல, ஏமாத்திட்டான்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். யாரும் ஏமாற்றவில்லை. அசலூர் என்பது டிஸ்போர்ட் மருந்துக்கு ஐரோப்பாவில் அழகு சிகிச்சைக்கென்று வைத்த பெயர். அங்கே போடாக்ஸுக்கு விஸ்தாபெல் என்று பெயர், ஜியோமினுக்கு போகுதூர். ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொரு கம்பெனியின் யூனிட் ஆகாது. ஒவ்வொன்றையும் அளக்கும் முறையே வேறு. புருவ நடுவுக்கு டிஸ்போர்ட் 50, போடாக்ஸ் 20, ஜியோமின் 20 என்பது அந்தந்த மருந்தின் வழக்கமான அளவு. யூனிட் விலையை மட்டும் வைத்துக் கிளினிக்குகளை ஒப்பிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

குப்பிகளுக்கிடையே வேறு வித்தியாசங்களும் இல்லாமல் இல்லை. டிஸ்போர்ட் ஒரு நாள் இரண்டு நாள் முன்னதாகப் பிடிக்கும் என்பார்கள். அதில் பால் புரதத்தின் சுவடு இருக்கலாம் என்பதால் பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. ஜியோமினில் நஞ்சோடு ஒட்டிவரும் துணைப் புரதங்களை நீக்கிவிடுகிறார்கள்; உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து பலிக்காமல் போவது குறையும் என்பது கம்பெனியின் வாதம். அழகுக்குப் போடும் சிறு அளவில் அப்படிப் பலிக்காமல் போவது எப்படியும் அபூர்வம். மற்றபடி மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை. மூன்று நான்கு நாளில் தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுதாகப் பிடித்து, மூன்று நான்கு மாதத்தில் விட்டுவிடும். எந்தக் குப்பி என்ற கேள்விக்கு நான் பெரிய மரியாதை தருவதில்லை. யார் கை, எத்தனை யூனிட், எந்தத் தசை என்பவைதான் முகத்தைத் தீர்மானிக்கின்றன.

எந்தக் கோட்டுக்கு என்பதும் அதோடு சேர்ந்தது. முகத்தை அசைக்கும்போது விழுகிற கோடுகளை, அதாவது நெற்றி, புருவ நடு, கண்ணோரம், இந்த ஊசி தளர்த்தும். பல வருடம் பெட்டியில் கிடந்த பட்டுப்புடவையின் மடிப்புபோல, சும்மா இருக்கும்போதும் பதிந்து நிற்கும் கோடு இதனால் முழுதாக மறையாது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் பள்ளத்துக்குப் போடுவது ஃபில்லர். அது தசையைத் தளர்த்துவதில்லை, இடத்தை நிரப்புகிறது. இரண்டையும் ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். அதோடு, நம் நிறத்துத் தோலில் வெயில் முதலில் காட்டும் கைவரிசை பெரும்பாலும் சுருக்கமாக இருப்பதில்லை, மங்கும் கருந்திட்டும்தான். கடற்கரை வெயிலில் வருடக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டிய கன்னத்துக்குச் சன்ஸ்கிரீன் செய்வதை இந்த ஊசி செய்யாது. மங்குக்குப் போடாக்ஸ் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிற டாக்டர் நல்ல டாக்டர். அவருக்கு அன்றைய வரும்படி போயிற்று.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, மருந்து குப்பியில் பொடியாகத்தான் வருகிறது. சலைன் விட்டுக் கரைத்த பிறகு சிரிஞ்சுக்குள் எத்தனை யூனிட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போடாக்ஸ் 100 யூனிட் குப்பிக்கு 2.5 மில்லி சலைன் என்பது லேபிள் கணக்கு. கூடுதலாகத் தண்ணீர் காட்டினால் ஊசி என்னவோ அதே அளவுதான், பலன் சீக்கிரம் போய்விடும். "நெற்றிக்கு இவ்வளவு" என்று மொத்தமாக விலை சொல்லும் இடத்தில் இது வசதியாகிவிடுகிறது. குப்பியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லலாம். பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி பார்க்கலாம். எத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதி வாங்கலாம். புடவைக்கு ஜரிகை சோதிப்பவர்கள் இதற்கு ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

இது டாக்டர் சீட்டோடு மட்டுமே தர வேண்டிய மருந்து. பியூட்டி பார்லரில் ஃபேஷியலோடு சேர்த்துப் போடுவதற்கு இடமே இல்லை. சரியான கையிலும் சில சமயம் இமை இறங்கிப்போகும், சில வாரத்தில் சரியாகும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்வு நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சித்தியின் பாரிஸிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2024இல் அந்தப் பகுதியில் தகுதியில்லாதவர்களிடம் முகத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட சிலர், கெர்னர் விவரித்த அதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

எனக்கு இந்த ஊசியின்மேல் கோபம் எதுவும் கிடையாது. அவரவர் முகம், அவரவர் காசு. அக்குள் வியர்வை அடங்க இதையே போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. புதுச்சேரிப் புழுக்கத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அபிநயம் பிடிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது, வராத நாயகனை நினைத்து ஏங்குகிற நாயகியின் புருவம் எழாமலே நின்றால், அவன் வராததே நல்லது என்று தோன்றிவிடுகிறது.